பழவங்காடியில் பழங்காசுகள்

திருவனந்தபுரத்துத் தமிழ்க் குடும்பங்களில் பெரும்பாலான வீடுகளில், பூஜை அலமாரியிலோ பழைய டிரங்குப் பெட்டியின் அடியிலோ, ஒரு சின்னத் துணி முடிச்சு இருக்கும். அதற்குள் பத்து இருபது பழைய காசுகள். 'பாட்டி வைத்துவிட்டுப் போனது' என்று எப்போதாவது அவிழ்த்துப் பார்ப்போம். மறுபடி முடிந்து வைத்துவிடுவோம். அவை எந்த ராஜா காலத்தவை, என்ன மதிப்பு, வைத்திருப்பதா விற்பதா என்று கேட்டால் வீட்டில் ஒருவருக்கும் விடை தெரியாது. இதனால் இரண்டு விதத்தில் நஷ்டம் நேர்கிறது. நல்ல காசு நகைக்கடைத் தராசில் வெள்ளி விலைக்குப் போய்விடுகிறது. அல்லது, சாதாரணக் காசுக்கு லட்ச ரூபாய் தருகிறேன் என்று ஆசை காட்டுபவனிடம் முன்பணம் கட்டி ஏமாறுகிறோம். இரண்டையும் தவிர்க்க எனக்குத் தெரிந்த சுலபமான வழி, நாணயக் காட்சிகளுக்குப் போய்க் காசைப் பார்க்கப் பழகுவதுதான்.

நான் நாணயவியல் படித்தவன் அல்லன். டிப்ளமா முடித்து, ரயில்வேயில் இருப்புப்பாதைப் பராமரிப்பில் காலம் கழித்து ஓய்வு பெற்றவன். காசு சேர்ப்பது என் பொழுதுபோக்கு. அண்மையில் பழவங்காடியில் ஒரு மண்டபத்தில் நடந்த நாணயக் காட்சிக்கு இரண்டு நாளும் போயிருந்தேன். தம்பானூர் ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போய்விடலாம். வழியில் பிள்ளையாருக்கு ஒரு கும்பிடு. அங்காடி என்ற சொல்லைப் பெயரிலேயே தாங்கிய இடம் அது. நம்மவர்கள் தலைமுறை தலைமுறையாய்க் கடை வைத்திருக்கும் சாலைக் கடைத்தெருவும் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. பழங்காசுகள் கூடுவதற்கு அதைவிடப் பொருத்தமான இடம் கிடைக்காது.

காட்சியில் என்ன இருக்கும்?

நாணயக் காட்சிகளில் பொதுவாக இரண்டு பகுதிகள் உண்டு. ஒன்று, சேகரிப்பாளர்கள் சட்டமிட்டு, குறிப்பு எழுதி வைத்திருக்கும் காட்சிப் பகுதி. அங்குள்ளவை விற்பனைக்கு அல்ல. மற்றது, வியாபாரிகளின் மேஜைகள். புதிதாக வருபவர்கள் நேரே மேஜைக்குப் போய் விலை கேட்பார்கள். நான் அப்படிச் செய்வதில்லை. முதல் சுற்றில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சட்டங்களை மட்டும் பார்ப்பேன். இரண்டாம் சுற்றில் நோட்டுப் புத்தகம். மூன்றாம் சுற்றில்தான் மணிபர்ஸ். டிராலியில் உட்கார்ந்து பாதையைப் பார்வையிட்ட நாட்களில் வந்த பழக்கம் இது: முதலில் முழு நீளத்தையும் பார்த்துவிட வேண்டும், பிறகுதான் எந்த இடத்தில் இறங்குவது என்று முடிவு செய்ய வேண்டும்.

நம்முடைய காசு எது?

இந்த ஊரில் நடக்கும் எந்தக் காட்சியிலும் திருவிதாங்கூர்க் காசுகளுக்கே முதலிடம். அந்தக் கணக்கை ஒரு முறை மனத்தில் வாங்கிக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. 16 காசு ஒரு சக்கரம். 4 சக்கரம் ஒரு பணம். 7 பணம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய். அதாவது ஒரு ரூபாய்க்கு 28 சக்கரம், 448 காசு. ஆனால் பிரிட்டிஷ் ரூபாய்க்கு 28½ சக்கரம்! அந்த அரைச் சக்கரத்தை மறக்காமல் வாங்கிப் போடுவது நாஞ்சில் நாட்டு ஆச்சிமார்களின் சாமர்த்தியம்.

வெள்ளிச் சக்கரம் துவரம்பருப்பைவிடச் சற்றே பெரியது. எடை அரை கிராம்கூட வராது. கையில் வைத்து எண்ணினால் விரலிடுக்கில் நழுவிவிடும். அதற்காகவே 'சக்கரப் பலகை' என்று ஒன்று வைத்திருந்தார்கள். மரப்பலகையில் காசளவுக்குச் சிறு குழிகள் வரிசையாகக் குடைந்திருக்கும். ஒரு பிடி சக்கரத்தை அள்ளிப் போட்டு லேசாக ஆட்டினால், குழிக்கு ஒன்றாக உட்கார்ந்துகொள்ளும். மிகுந்ததைக் கையால் வழித்துவிட்டால் குழிகளின் எண்ணிக்கைதான் காசுகளின் எண்ணிக்கை. மின்சாரமும் வேண்டாம், பட்டனும் வேண்டாம். இன்ஜினியர் என்ற முறையில் அந்தப் பலகையைக் கண்டால் எனக்கு இன்றும் மரியாதை தோன்றும்.

சித்திரைத் திருநாள் மகாராஜா காலத்துக் காசுகளில் கொல்லம் ஆண்டு இருக்கும். 1114 என்று கண்டால் அது கி.பி. 1114 என்று எண்ணி, ஆயிரம் வருஷத்துக் காசு என்று மகிழ்ந்துவிடக் கூடாது. கொல்லம் ஆண்டோடு 824 அல்லது 825 கூட்டினால் ஆங்கில ஆண்டு கிடைக்கும். ஆகவே 1114 என்பது 1938-39. காசில் உள்ள சங்கு, ஸ்ரீபத்மநாபசுவாமியின் தாசர்களாக ஆண்ட அரசின் முத்திரை.

இரண்டாம் நாள், சாலையில் பூக்கடை வைத்திருக்கும் ஒரு அம்மாள் பேரனோடு வந்தார். மடியிலிருந்து முடிச்சை எடுத்து அவிழ்த்தார். "இது வெள்ளிதானா அண்ணாச்சி? நகைக்கடையில நிறுத்து ஒரு விலை சொன்னாங்க. கொடுத்திரலாமான்னு பாக்கேன்" என்றார். பன்னிரண்டு வெள்ளிச் சக்கரங்கள். கூடவே, மகாராஜாவின் முகம் பொறித்த 1114-ஆம் ஆண்டுச் செப்புச் சக்கரம் ஒன்று. என் சிறு தராசில் வைத்தேன். வெள்ளி பன்னிரண்டும் சேர்ந்து ஐந்து கிராம் தேறவில்லை.

"அம்மா, எடை போட்டால் ஒன்றும் கிடைக்காது. சேகரிப்பவர்களிடமும் லட்சம் கிடைக்காது. சக்கரம் ஏராளமாக அடித்த காசு. ஆனால் உங்கள் குடும்பம் எந்த ஊர்?" என்றேன்.

"தோவாளை. எங்க ஆத்தா பூவு கொண்டாந்து வித்த காசு" என்றார்.

பேரன் அப்போதுதான் முதல் முறையாக அந்தக் காசை உற்றுப் பார்த்தான். அம்மாள் மறுபடி முடிந்து மடியில் வைத்துக்கொண்டார்.

அன்பர்களே, முடிச்சில் இருக்கும் காசு நம் குடும்பம் வந்த வழியைச் சொல்லும். தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் 1956 நவம்பர் 1 வரை இந்தப் பக்கத்தோடு இருந்தவை. நாகர்கோவிலுக்கு ரயில் வந்தது 1979-இல்தான். அங்கிருந்து மாட்டு வண்டியிலும் பஸ்ஸிலும் வந்தவர்கள் வீட்டில் சக்கரமும் காசும் கிடைக்கும். நெல்லைச் சீமையிலிருந்து 1904-இல் திறந்த செங்கோட்டை–கொல்லம் ரயில் வழியாக வந்தவர்கள் வீட்டில் அணாவும் தம்பிடியும் கூடுதலாக இருக்கும். கடற்கரைக் குடும்பங்களில் டச்சுக் கம்பெனியின் செப்புக் காசு அகப்படலாம். நம் 'துட்டு' என்ற சொல்லே அதிலிருந்து வந்தது என்பார்கள்.

அச்சடித்ததா, வார்த்ததா?

போலிகள் இன்று மிகுதி. சக்கரம், பணம், கும்பினிக் காசு யாவும் அச்சில் அடித்தவை. போலிகளில் பெரும்பாலானவை அச்சு எடுத்து வார்த்தவை. பூதக்கண்ணாடியில் பார்த்தால் வேறுபாடு புலப்படும். அடித்த காசில் எழுத்தின் ஓரம் கூர்மையாக இருக்கும். வார்த்த காசில் எழுத்து மழுங்கி, பரப்பில் ஊசி முனையளவு குழிகள் தெரியும். காற்றுக் குமிழ் விட்ட தடம் அது. விளிம்பைச் சுற்றிப் பாருங்கள். இரண்டு பாதி சேர்ந்த தழும்பு இருந்தால் சந்தேகப்படலாம். வெள்ளியும் செம்பும் காந்தத்தில் ஒட்டா. ரயில் சக்கரத்தைச் சுத்தியலால் தட்டி ஓசையைக் கேட்டு விரிசல் கண்டுபிடிப்பதுபோல், வெள்ளி ரூபாயை விரல் நுனியில் நிறுத்தி மெல்லத் தட்டினால் நீண்ட நாதம் கேட்கும். மேஜையில் போட்டுப் பார்க்க மட்டும் வேண்டாம். வியாபாரிக்குக் கோபம் வரும், காசுக்கும் கேடு. இவற்றில் ஒரு சோதனை மட்டும் போதாது. எடை, விட்டம், ஓசை, எழுத்து நான்கும் ஒத்துவர வேண்டும்.

மந்திரக் காசும் லட்ச ரூபாயும்

ராமர் பட்டாபிஷேகமோ அனுமாரோ பொறித்து, மறுபக்கம் 'கிழக்கிந்தியக் கம்பெனி 1818' என்று போட்ட காசு பலர் வீட்டு பூஜையறையில் இருக்கிறது. கம்பெனி அப்படி ஒரு காசை வெளியிட்டதே இல்லை. பக்தியோடு வைத்துக் கும்பிடுவதில் தவறில்லை. பணம் கொடுத்து வாங்குவதில்தான் தவறு. கம்பெனியின் உண்மையான தெய்வ உருவக் காசு வேறு. 1808-ஐ ஒட்டி மதராஸில் அடித்த வெள்ளி வராகன் காசுகளில் ஒருபுறம் கோபுரம், மறுபுறம் பெருமாள், தமிழெழுத்தும் உண்டு.

இன்னொரு மோசடி 'அரிசி இழுக்கும் காசு'. பழைய செப்புக் காசில் இரிடியம் இருக்கிறது, அரிசியைத் தன்பால் இழுக்கும், வெளிநாட்டார் கோடி கொடுப்பார் என்று சொல்லி, 'சோதனைச் செலவு' என்று லட்சக்கணக்கில் கறப்பார்கள். அரிசியில் இரும்புத்தூளைப் பூசி, காசுக்குள் காந்தத்தை மறைத்து வைப்பதுதான் அதன் சூட்சுமம். பழைய நோட்டையும் நாணயத்தையும் வாங்குவதாகச் சொல்லி, ரிசர்வ் வங்கியின் பெயரால் கட்டணம் கேட்பவர்களை நம்பவேண்டாம் என்று அவ்வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்தது. ஒரே விதி போதும்: உங்கள் காசை வாங்க வருபவன் உங்களிடம் பணம் கேட்டால், அவன் காசு வாங்க வந்தவன் அல்லன்.

சட்டம் சொல்வது

நூறு ஆண்டுக்குக் குறையாத நாணயம் தொல்பொருள் என்கிறது 1972-ஆம் ஆண்டுச் சட்டம். அதை வைத்து வியாபாரம் செய்ய உரிமம் வேண்டும். தனிநபர் வெளிநாட்டுக்குக் கொண்டுபோக முடியாது. அமெரிக்காவிலோ ஆஸ்திரேலியாவிலோ இருக்கும் பிள்ளைக்கு நினைவாக இருக்கட்டும் என்று பழைய காசைப் பெட்டியில் போட்டு அனுப்புபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். வீடு கட்டத் தோண்டும்போது காசு கிடைத்தால் அது புதையல். கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். கேரளத்தில் அதற்கென்றே 1968-இல் சட்டம் இயற்றியிருக்கிறார்கள்.

வீட்டில் செய்ய வேண்டியவை

காசைப் புளியோ விபூதியோ எலுமிச்சையோ போட்டுத் துலக்காதீர்கள். பளபளப்பு வரும், மேல்தோலும் எழுத்தின் கூர்மையும் போய்விடும், சேகரிப்பாளர் தொடமாட்டார். விளிம்பைப் பிடித்தே எடுக்க வேண்டும். மலிவான பி.வி.சி. உறையில் வைத்தால் நாளடைவில் பச்சைப் பிசுக்கு பிடிக்கும். நம் ஊர்க் கடற்காற்றின் ஈரத்துக்கு, தனித்தனிக் காகித உறையும், டப்பாவில் ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலமும் போதும். உறையின் மேல் யார் வைத்திருந்தது, எந்த ஊர், என்ன தொழில் என்று எழுதி வையுங்கள். அதைத் தெரிந்தவர்கள் வீட்டில் இருக்கும்போதே எழுதிவிட வேண்டும்.

குழந்தைகளை இழுக்கச் செலவில்லாத வழி உண்டு. சட்டைப்பையில் இருக்கும் இன்றைய காசில் ஆண்டின் கீழே பார்க்கச் சொல்லுங்கள். வைரக்குறி இருந்தால் மும்பை, நட்சத்திரம் ஹைதராபாத், புள்ளி நொய்டா, ஒன்றுமில்லாவிட்டால் கொல்கத்தா. ஒரு வாரத்தில் அவர்களே உங்களுக்குப் பாடம் சொல்லுவார்கள். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை நெடுமங்காட்டுக்கு அழைத்துப் போங்கள். அங்கே கோயிக்கல் அரண்மனையில் தொல்லியல் துறையின் நாணய அருங்காட்சியகம் 1992 முதல் இருக்கிறது. அடுத்த முறை நம் ஊரில் காட்சி நடக்கும்போது உங்கள் முடிச்சையும் எடுத்துக்கொண்டு குடும்பத்தோடு வாருங்கள். பூதக்கண்ணாடியும் தராசும் நான் கொண்டு வருகிறேன்.