கப்பலடியில் தூங்கும் விஷம்

கடல்நீரோடு ஏறி வரும் நுண்பாசிகள் இருட்டுத் தொட்டிகளில் பிழைத்துக்கொள்கின்றன. இறங்குகிற துறைமுகம்தான் விலை கொடுக்கிறது.

ஆஸ்திரேலியாவின் தென்கோடித் தீவான தாஸ்மேனியாவில் 1986இல் சிப்பிப் பண்ணைகள் மூடப்பட்டன. சிப்பிகளில் பார்வைக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால் தின்றால் உயிருக்கு ஆபத்து. காரணம், கண்ணுக்குத் தெரியாத ஒரு பாசி: ஜிம்னோடினியம் கேட்டனேட்டம். சங்கிலி சங்கிலியாகக் கோத்துக்கொண்டு நீந்தும் இந்த நுண்ணுயிரை வடிகட்டித் தின்னும் சிப்பி, அதன் விஷத்தைத் தன் சதையில் சேர்த்துக்கொள்கிறது. தின்றவருக்கு முதலில் உதடு மரத்துப்போகும். முற்றினால் மூச்சு நின்றுபோகும். வேகவைத்தாலும் விஷம் போகாது, மாற்றுமருந்தும் கிடையாது. 1997இல் கேரளத்தின் விழிஞ்ஞத்தில் சிப்பி சாப்பிட்ட 7 பேர் உயிரிழந்தது இந்த வகை விஷத்தால்தான். (அங்கே அதற்குக் கப்பல்தான் காரணம் என்று யாரும் நிரூபிக்கவில்லை.)

தாஸ்மேனியக் கதை வேறு. அங்கே கடலடிச் சேற்றைக் குழாய் வடிவில் வெட்டியெடுத்து, அடுக்கடுக்காக வயது கணித்தார்கள். 1970களின் தொடக்கத்துக்கு முந்தைய அடுக்குகளில் இந்தப் பாசியின் சுவடே இல்லை. அதே காலத்தில்தான் தீவிலிருந்து ஜப்பானுக்கு மரத்தூள் சில்லுகள் ஏற்றுமதியாகத் தொடங்கின. சரக்கில்லாமல் வரும் கப்பல் கடலில் நிலைகொள்ளப் பாரம் வேண்டும். அதற்காகப் புறப்படும் துறைமுகத்தின் கடல்நீரையே அடித்தொட்டிகளில் நிரப்பிக்கொள்கிறது. மாலுமிகள் இதை 'பேலஸ்ட்' என்கிறார்கள். சரக்கை ஏற்றும்போது அந்த நீரை வெளியே கொட்டிவிடுவார்கள்.

சந்தேகம் புதிதல்ல. 1903இல் வட கடலில் ஆசியப் பாசி ஒன்று திடீரெனப் பெருகியபோதே, டென்மார்க் விஞ்ஞானி ஆஸ்டன்ஃபெல்ட் கப்பல்களைக் கைகாட்டினார். ஆதாரத்தைத் தொட்டிக்குள் தேடியவர்கள் ஆஸ்திரேலியாவின் குஸ்தாஃப் ஹேல்கிராஃபும் கிறிஸ்டோபர் போல்ச்சும். 18 துறைமுகங்களுக்கு வந்த 343 கப்பல்களை ஆராய்ந்து 1992இல் அவர்கள் வெளியிட்ட முடிவு அதிரவைத்தது. 65 சதவீதக் கப்பல்களின் தொட்டியடியில் கணிசமான சேறு. 16 கப்பல்களில் விஷப் பாசிகளின் 'சிஸ்ட்'கள். ஒரே ஒரு தொட்டியில் மட்டும், உயிருள்ளவை 30 கோடிக்கு மேல் என்பது அவர்கள் கணக்கு.

இந்த சிஸ்ட்தான் விஷயத்தின் மையம். வெளிச்சமில்லாத தொட்டியில் சாதாரணப் பாசி நாட்கணக்கில், மிஞ்சிப்போனால் வாரக்கணக்கில் செத்துவிடும். ஆனால் சில இனங்கள் தடித்த ஓட்டைப் போர்த்திக்கொண்டு, விதையைப் போல அடங்கிவிடுகின்றன. நீந்துவதில்லை, வளர்வதில்லை, சேமித்த உணவைச் சிக்கனமாகச் செலவிட்டுக்கொண்டு சேற்றோடு சேறாகக் கிடக்கும். சில இனங்களுக்கு ஆண்டுக்கணக்கான காத்திருப்பும் பொருட்டல்ல. நீரை இறைக்கும்போது கலங்கிய சேறோடு வெளியே வந்து, வெப்பமும் வெளிச்சமும் ஒத்துவந்தால் ஓட்டைப் பிளந்து நீந்தத் தொடங்கும்.

அதனால்தான் முதலில் சொன்ன வைத்தியம் அரைகுறையாகவே பலித்தது. நடுக்கடலில் பழைய நீரைக் கொட்டிப் புதிய நீரை நிரப்பு என்றார்கள். நீர் மாறும், அடிச்சேறு மாறுமா? போதாக்குறைக்கு, கொந்தளிக்கும் கடலில் தொட்டியைக் காலி செய்தால் கப்பலே நிலைகுலையலாம். உத்தரவு போடுபவர்கள் கரையில் இருக்கிறார்கள், கேப்டன் கடலில் இருக்கிறார்.

ஆஸ்திரேலியா 1990இலேயே வழிகாட்டுதல்களை வகுத்தது. உலகம் நிதானமாக நடந்தது. சர்வதேசக் கடல்சார் அமைப்பின் ஒப்பந்தம் 2004இல் நிறைவேறியது. அமலுக்கு வந்ததோ 2017 செப்டம்பர் 8இல்தான். இடையில் 2000இல் தொடங்கிய சர்வதேசத் திட்டத்தில் ஆறு முன்னோடித் துறைமுகங்களில் ஒன்றாக மும்பையும் இருந்தது. 2024 செப்டம்பர் முதல், ஒப்பந்தத்துக்கு உட்பட்ட கப்பல்கள் வெளியேற்றும் நீரில், 10 முதல் 50 மைக்ரான் அளவுள்ள உயிர்கள் ஒரு மில்லிலிட்டருக்குப் பத்துக்கும் குறைவாகவே இருக்கவேண்டும். இதற்காக வடிகட்டி, புற ஊதாக்கதிர், மின்பகுப்பில் உண்டாக்கும் குளோரின் என்று கருவிகள் பொருத்தப்படுகின்றன. தடித்த ஓட்டுக்காரர்கள் இவற்றுக்கும் எளிதில் மசிவதில்லை. தொட்டிச் சேற்றை வாரி அப்புறப்படுத்துவதற்கும் ஒப்பந்தத்தில் தனி விதிகள் உண்டு.

தாஸ்மேனியாவுக்கு இவையெல்லாம் காலம் கடந்தவை. வந்த பாசி குடியேறிவிட்டது. அதன் சிஸ்ட்கள் ஹுவான், டெர்வென்ட் முகத்துவாரங்களின் அடிச்சேற்றில் கிடக்கின்றன. அவற்றைத் தோண்டியெடுக்க வழியில்லை. சிப்பியைச் சோதிப்பார்கள், விஷம் வரம்பைத் தாண்டினால் பண்ணையை மூடிவிட்டுக் காத்திருப்பார்கள்.