செம்புக் கணக்கும் செந்நீர்க் கணக்கும்

கீழ்க்கட்டளை வழியே போகும் தோழர்கள், வானை நோக்கி எழுந்து நிற்கும் மெட்ரோத் தூண்களைப் பார்த்திருப்பீர்கள். சிமெண்டும் இரும்பும் கண்ணுக்குத் தெரிகின்றன. ஆனால் ரயிலை ஓட்டுவது அவையல்ல. மின்சாரத்தைச் சுமந்து வரும் செம்பு! 1931-இல் கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயில் ஓடத் தொடங்கிய நாளிலும் அதற்குச் செம்பு வேண்டியிருந்தது. மோட்டார் வைண்டிங் கடையிலே தொழிலாளி விரல் தேயச் சுற்றுவதும் செம்பு. கோவையின் பம்புசெட்டுக்கும், முப்பந்தலின் காற்றாலைக்கும் உயிரோட்டம் செம்பு.

இந்தச் செம்பு இனி எவ்வளவு வேண்டும், எங்கிருந்து வரும் என்று டில்லி ஒரு கணக்குப் போட்டிருக்கிறது. 2025 ஜூலையில் மத்திய சுரங்க அமைச்சகம் ஒரு தொலைநோக்கு ஆவணம் வெளியிட்டது. 2047-க்குள் தேவை ஆறு மடங்காகுமாம். 2030-க்குள், ஆண்டுக்கு 50 லட்சம் டன் உருக்கிச் சுத்திகரிக்கும் திறனைப் புதிதாகச் சேர்க்க வேண்டுமாம்.

கணக்கைக் கண்டு மலைக்க வேண்டாம், தோழர்களே! போடும் முறை எளியது. இந்தியாவில் ஆளுக்கு ஆண்டுக்குச் சுமார் அரைக் கிலோ செம்பு செலவாகிறது; உலகச் சராசரியோ மூன்று கிலோவுக்கு மேல். நாமும் அந்த உயரத்தை எட்டுவோம் என்று வைத்துப் பெருக்குவது ஒரு வழி. பெட்ரோல் காருக்குச் சுமார் 20 கிலோ, மின்சாரக் காருக்குச் சுமார் 80 கிலோ என்று பொருள்வாரியாகக் கூட்டுவது இன்னொரு வழி. இரண்டிலும் பெருக்கப்படுவது ஊகம். ஊகம் சற்று மாறினால் விடை மலையளவு மாறும்!

பழைய கதை ஒன்றைப் பாருங்கள். 1960-களில் அந்நியச் செலாவணி முடை வந்தது. வெளிநாட்டுச் செம்பு எட்டாக் கனியாயிற்று. இருண்டா போனோம்? இல்லை. பல இடங்களில் அலுமினியக் கம்பி வந்து செம்பின் வேலையைச் செய்தது. 1965-இல் நம் மேட்டூரிலேயே அலுமினிய ஆலை எழுந்தது. விலை ஏறினால் மாற்றுப் பொருள் வரும். தேவை தன் வழியை மாற்றிக்கொள்ளும். ஆகவே தேவைக் கணக்கு விதியல்ல, வெறும் மதிப்பீடு.

வரவுப் பக்கம்தான் கடினமானது. ஆலையை நாலைந்து ஆண்டில் கட்டலாம். தாது கண்டுபிடித்துச் சுரங்கம் திறக்கவோ பத்துப் பதினைந்து ஆண்டுகள் ஆகும். ராஜஸ்தானத்துக் கேத்ரி, மத்தியப் பிரதேசத்து மலாஞ்ச்கண்ட், ஜார்க்கண்டின் காட்சிலா: இந்தியாவின் செம்புச் சுரங்கங்கள் இவ்வளவே என்று சொல்லலாம். உலகம் வெட்டியெடுக்கும் செம்பில் இந்தியாவின் பங்கு நூற்றுக்கு அரைகூட இல்லை. நம் ஆலைகள் உருக்கும் தாதுவில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் கப்பலில் வருவது.

ஆலையைக் கட்டிவிட்டால் செம்பு வந்துவிடுமா? உலகச் சந்தை வேறு விதமாகச் சொல்கிறது. சுரங்கக்காரர் உருக்காலைக்குக் கூலி தருவது வழக்கம். 2025-இல் சிலி நாட்டுச் சுரங்கக் கம்பெனியான அன்டோஃபகஸ்டா, சீன உருக்காலை ஒன்றுடன் செய்த ஒப்பந்தத்தில் அந்தக் கூலி பூஜ்யம்! அடுப்புகள் பெருகிவிட்டன, அரிசியோ இல்லை. இந்த நிலையில் அடுப்பை மட்டும் பெருக்குவதற்குத் தன்னிறைவு என்று பெயர் சூட்டலாமா?

இனி, கணக்கேட்டில் இடம்பெறாத பக்கத்துக்கு வருவோம். ஆண்டுக்கு 4 லட்சம் டன் திறன் கொண்டது தூத்துக்குடி ஸ்டெர்லைட் ஆலை. காற்றும் நீரும் கெடுகின்றன என்று மக்கள் திரண்டார்கள். 2018 மே 22! துப்பாக்கி வெடித்தது. 13 உயிர்கள் பலியாயின. மே 28-இல் ஆலையை மூட அரசாணை பிறந்தது. ஆலையைத் திறக்கக் கோரிய மனுவை 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமும் தள்ளிற்று.

உடனே கிளம்பியது ஓலம்: “ஏற்றுமதி செய்த நாடு இறக்குமதி செய்கிறதே!” உண்மைதான். நாட்டின் சுத்தச் செம்பு உற்பத்தி 8 லட்சம் டன்னுக்கு மேலிருந்து ஓராண்டில் 5 லட்சம் டன்னுக்குக் கீழே இறங்கியது. மறுக்கவில்லை. ஒப்பந்தத் தொழிலாளரும் லாரி ஓட்டுநரும் பிழைப்பிழந்ததும் உண்மை. அவர்கள் கண்ணீரும் நம் கண்ணீரே. ஆனால் பற்றாக்குறைப் பட்டியலைச் சாட்டையாக்கி, மூச்சுக்காற்று கேட்டவனையும் வேலை கேட்டவனையும் மோதவிடுவது யார் தந்திரம்? டன் கணக்கு எழுதத் தெரிந்தவர்களுக்கு, சிந்திய செந்நீரை எந்தப் பத்தியில் எழுதுவது என்று தெரியவில்லையா?

பற்றாக்குறைக்கு வழி இல்லாமலில்லை. உலகம் பயன்படுத்தும் செம்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பழைய செம்பை உருக்கிப் பெறுவது. எத்தனை முறை உருக்கினாலும் குணம் கெடாத உலோகம் இது. நம் காயலான் கடைகளே நம் சுரங்கம்! அங்கே என்ன நடக்கிறது? ஒயரைக் கொளுத்தி, நச்சுப் புகையை விழுங்கிச் செம்பெடுக்கிறான் ஏழைத் தொழிலாளி. அவனுக்கு உறை உரிக்கும் இயந்திரமும், பாதுகாப்பும், நியாயக் கூலியும் கிடைக்கட்டும்.

நாம் கேட்பது மூன்று. தேவை மதிப்பீட்டையும் அதன் ஊகங்களையும் மக்கள் மொழியிலே வெளியிடு. பழைய செம்பைத் திரட்டும் தொழிலை முறைப்படுத்து. புது உருக்காலைக்குக் கையெழுத்திடுமுன் அவ்வூரின் காற்றுக்கும் நீருக்கும் கணக்குக் காட்டு; ஆலை நின்றால் தொழிலாளியின் குடும்பத்துக்கு யார் பொறுப்பு என்பதையும் எழுதிவை.

தூத்துக்குடி மாவட்டத்து ஆதிச்சநல்லூரிலே பழந்தமிழர் புதைத்த வெண்கலப் பொருள்கள் கிடைத்தன. செப்பேட்டிலே சாசனம் பொறித்த இனம் நாம். செம்புக்குப் பகைவரல்லர்! கணக்கு நேர்மையாக இருக்கட்டும் என்கிறோம். அதிலே மனிதனுக்கும் ஒரு பத்தி இருக்கட்டும் என்கிறோம்.