எஞ்சினைப் பார்ப்பது யார்? கம்பனியா, நாமா?

ஒரு எஞ்சின் வாங்குவதென்றால் எமது மக்கள் படும் பாடு சிறிதல்ல. நகை ஈடு போகிறது, சீட்டு எடுக்கப்படுகிறது, வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைக்கோ சகோதரனுக்கோ தகவல் போகிறது. வாங்கும் விலையைப் பற்றி வீட்டில் பல நாள் பேச்சு நடக்கிறது. ஆனால் அந்த எஞ்சினைப் பத்து வருடம் ஓட வைக்க என்ன செலவாகும், அந்த வேலையை யார் செய்வது என்ற கேள்வியை வாங்கும் நாளில் எவரும் கேட்பதில்லை. முதல் பழுது வரும்போதுதான் அது எழுகிறது.

தீவுப்பகுதியில் எஞ்சின் என்றால் முதலில் நினைவுக்கு வருவது படகின் பின்னால் பூட்டும் வெளியிணைப்பு இயந்திரம். அடுத்தது மோட்டார் சைக்கிளும் ஓட்டோவும். இவற்றின் பராமரிப்பைப் பற்றி எம்மிடையே இரண்டு கருத்துகள் உண்டு. “கம்பனியில் கொடுத்தால் கழுத்தை அறுக்கிறார்கள், நாங்களே கழற்றிப் பூட்டலாம்” என்பது ஒன்று. “கம்பனிக்காரன்தான் அதைச் செய்தவன், அவனே பார்க்கட்டும்” என்பது மற்றது. இரண்டிலும் பாதி உண்மை இருக்கிறது. எந்தப் பாதி என்று பிரித்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கம்பனிப் பில்லில் அடங்கியிருப்பது என்ன?

முகவர் நிலையம் ஒன்றில் தரப்படும் பில்லை ஆறுதலாகப் பார்த்தால் அதில் மூன்று பகுதிகள் இருக்கும். முதலாவது உதிரிப்பாகங்களும் ஒயிலும். இரண்டாவது வேலைக்கூலி. மூன்றாவது வெளியே தெரியாதது: கட்டட வாடகை, விசேட கருவிகள், பயிற்சி பெற்ற ஊழியர்களின் சம்பளம், வேலை பிழைத்தால் திருப்பிச் செய்து கொடுக்கும் பொறுப்பு. இவை கூலிக்குள்ளும் பாகங்களின் விலைக்குள்ளும் கலந்திருக்கின்றன. கிராமத்துக் கராஜில் கூலி குறைவாக இருப்பதற்குக் காரணம் இந்த மூன்றாவது பகுதி அங்கே சிறியது என்பதே. எனவே கம்பனியின் கூலி முழுவதும் கொள்ளை என்று சொல்வது நியாயமல்ல. அதேபோல், ஒயில் மாற்றுவது போன்ற சிறு வேலைக்கும் அந்தச் செலவெல்லாம் சேர்த்தே நாம் கொடுக்கிறோம் என்பதையும் மறக்கக் கூடாது.

புதிய வாகனத்துக்கோ இயந்திரத்துக்கோ தரப்படும் “இலவச சேவிஸ்” பெரும்பாலும் கூலி மட்டுமே இலவசம்; ஒயிலுக்கும் பாகங்களுக்கும் காசு கொடுக்க வேண்டும். எனினும் உத்தரவாதக் காலத்தில் அந்தச் சேவிஸ்களைத் தவற விடுவது புத்தியல்ல. புத்தகத்தில் முத்திரை இல்லையென்றால், பின்னர் பெரிய பழுது வரும்போது உத்தரவாதம் கேட்டு நிற்க எமக்கு ஆதாரம் இராது.

பில்லில் எழுதப்படாத செலவு

யாழ்ப்பாண நகரில் இருப்பவருக்குக் கம்பனிச் செலவு பில்லோடு முடிந்துவிடுகிறது. நெடுந்தீவில் இருப்பவருக்கு அது பில்லில் தொடங்குகிறது. நாற்பது, ஐம்பது கிலோ எடையுள்ள எஞ்சினை இறங்குதுறைக்குக் கொண்டுவர வேண்டும். ஒரு மணித்தியாலம் வரை கடலில் வந்து குறிகட்டுவானில் இறக்க வேண்டும். அங்கிருந்து புங்குடுதீவு, வேலணை வழியாகப் பண்ணைப் பாலம் கடந்து ஏறத்தாழ 30 கிலோமீற்றர் தரைப்பயணம். வேலை அன்றே முடியாவிட்டால் இன்னொரு நாள் திரும்பவும் போக வேண்டும். பாகம் கொழும்பிலிருந்து வர வேண்டுமென்றால் நாட்கள் இன்னும் நீளும். கச்சான் காலத்தில் கடல் கொந்தளித்தால் படகுச் சேவையே நின்றுவிடும். நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவு மக்களின் நிலையும் அளவில்தான் வேறுபடும்.

ஆகவே எமக்குச் செலவை ரூபாயில் மட்டும் கணக்கிடுவது போதாது. “இந்த வேலைக்காக நான் எத்தனை நாள் கடலுக்குப் போகவில்லை?” என்று கேட்டுப் பாருங்கள். ஒரு பிளக் மாற்றுவதற்காக இரண்டு கடல் நாட்களை இழந்தவருக்கு அந்தப் பிளக்கின் உண்மையான விலை என்ன என்பது அப்போது விளங்கும்.

அண்மைக் கால நெருக்கடி இந்தக் கணக்கை இன்னும் கடுமையாக்கியது. 2022இன் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாயாக இருந்த ஒரு டொலர், சில மாதங்களில் 360 ரூபாயைத் தாண்டியது. இறக்குமதியாகும் ஒவ்வொரு போல்ட்டும் வளையமும் அதோடு விலை ஏறின. அதே வருடம் ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயாக ஒரே நாளில் உயர்ந்தது. சரியாக எரியாத எஞ்சின் ஒவ்வொரு நாளும் எவ்வளவு காசைப் புகையாக விடுகிறது என்பதை அன்று பலர் உணர்ந்தார்கள். 2020இல் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் உள்ளதை ஓட வைப்பதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை.

தடைக்காலம் கற்பித்த பாடம்

உள்ளதை ஓட வைப்பது எமக்குப் புதிதல்ல. 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோலும் பற்றரிகளும் உதிரிப்பாகங்களும் குடாநாட்டுக்கு வருவது தடைப்பட்டது. 1950களில் வந்த ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர் கார்கள்தான் அப்போது கைகொடுத்தன. சில துளி பெற்றோலைக் காபரேட்டருக்குள் விட்டு எஞ்சினைக் கிளப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெயில் ஓட விட்டார்கள். மோட்டார் சைக்கிள்களும் அப்படியே ஓடின. கம்பனியும் இல்லை, முகவரும் இல்லை. கராஜ்காரரின் கையும் அறிவும் மட்டுமே இருந்தன. 2002இல் ஏ9 வீதி திறக்கும் வரை அந்தக் கார்கள் நோயாளிகளையும் பிரேதங்களையும் மணமக்களையும் ஏற்றிச் சென்றன.

இதைப் பெருமையோடு நினைப்பது சரியே. ஆனால் பாடத்தை முழுமையாகப் படிக்க வேண்டும். அந்தக் கார்கள் தாங்கியதற்குக் காரணம் அவற்றின் எஞ்சின் எளிமையானது, அமுக்கம் குறைந்தது, பிரித்தால் கண்ணுக்குத் தெரிவது. அப்படியும் சேதம் இல்லாமல் இல்லை. எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர்ச் சுவரிலுள்ள ஒயிலைக் கழுவியது, கீழே இறங்கி எஞ்சின் ஒயிலை நீர்க்கச் செய்தது, கரி படிந்தது, வளையங்கள் தேய்ந்தன. அது வேறு வழியில்லாத காலத்து வைத்தியம். வழியிருக்கும் காலத்தில் அதையே பழக்கமாக வைத்திருப்பது சிக்கனமல்ல. இன்றைய ஃபோர் ஸ்ற்றோக் எஞ்சின்களிலும் மின்னணு முறையில் எரிபொருள் செலுத்தும் மோட்டார் சைக்கிள்களிலும் அந்தக் கைவைத்தியம் பலிக்காது, கேடுதான் வரும்.

உரிமையாளரே செய்ய வேண்டியவை

பின்வரும் வேலைகளைக் கம்பனியால் செய்ய முடியாது. ஏனெனில் அவை ஒவ்வொரு நாளும் அல்லது ஒவ்வொரு கிழமையும் செய்ய வேண்டியவை. காசு கொடுத்தாலும் வேறு எவரும் செய்து தரமாட்டார்கள்.

1. கழுவுதல். கடலால் வந்தவுடன் எஞ்சினை நல்ல தண்ணீரில் சில நிமிடம் ஓட விட வேண்டும். உப்பு உள்ளே காய்ந்து படிந்தால் குளிர்நீர் ஓடும் பாதை அடைபட்டு எஞ்சின் சூடேறும். நல்ல தண்ணீர் அரிதான தீவில் இதற்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். ஒரு பீப்பாயில் நிரப்பிய தண்ணீரைப் பல தடவை பயன்படுத்தலாம். குடிக்க உதவாத சவர்க் கிணற்றுத் தண்ணீரும் கடல்நீரை விட நல்லது. தண்ணீர் உறிஞ்சும் துவாரம் நன்றாக அமிழ வேண்டும். கியரில் போடக் கூடாது. தண்ணீரின்றிச் சில விநாடி ஓட்டினாலே பம்பிலுள்ள இறப்பர் சக்கரம் கருகிவிடும்.

2. தண்ணீர்ப் பீச்சலைப் பார்த்தல். எஞ்சின் ஓடும்போது பக்கத்துத் துவாரத்தால் தண்ணீர் பீச்சி வர வேண்டும். அது மெலிந்தாலோ நின்றாலோ உடனே எஞ்சினை நிறுத்துங்கள். துவாரம் அடைபட்டிருக்கலாம், அல்லது இறப்பர் சக்கரம் தேய்ந்திருக்கலாம். அச்சக்கரத்தின் விலை சிறியது. அதைக் கவனியாமல் இறுகிப்போகும் பிஸ்டனின் விலை பெரியது.

3. பிளக். நுனி பழுப்பு நிறமாக இருந்தால் நன்று. கறுத்து ஈரமாக இருந்தால் எரிதல் போதாது, அல்லது ஒயில் கூடிவிட்டது. சுண்ணாம்பு போல வெளுத்திருந்தால் எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடேறுகிறது.

4. எரிபொருள். தண்ணீரும் தூசியும் கலனின் அடியில் தங்கும். ஊறவிட்டு, வடித்து ஊற்ற வேண்டும். மண்ணெண்ணெய் எஞ்சினை நிறுத்துவதற்குச் சற்று முன் பெற்றோலுக்கு மாற்றி ஓட விட்டால் காபரேட்டர் சுத்தமாகும். மறுநாள் இலகுவாகக் கிளம்பும். டூ ஸ்ற்றோக் ஒயிலைக் கைநூலில் சொன்ன அளவில் கலவுங்கள். கண் மட்டத்தில் ஊற்றாதீர்கள்.

5. விசிறியும் கியர் ஒயிலும். விசிறியை இடைக்கிடை கழற்றித் தண்டில் தங்கூசி சுற்றியிருக்கிறதா என்று பாருங்கள். அந்த நூல் ஒயில் சீலை அறுத்துவிடும். கியர் ஒயில் பால் தேநீர் நிறத்தில் வந்தால் உள்ளே தண்ணீர் புகுந்துவிட்டது. சீல் மாற்றாமல் ஒயிலை மட்டும் மாற்றுவதில் பயனில்லை. புதிய ஒயிலைக் கீழ்த் துவாரத்தால் ஏற்றி, மேல் துவாரத்தால் வழியும் வரை நிரப்ப வேண்டும்.

6. துத்தநாகக் கட்டி. எஞ்சினின் அடியில் பூட்டியிருக்கும் இக்கட்டி, மற்ற உலோகத்துக்குப் பதிலாகத் தான் அரிபடுவதற்கென்றே வைக்கப்பட்டது. அழகுக்காக அதன் மேல் பெயின்ற் பூசினால் அது வேலை செய்யாது.

மோட்டார் சைக்கிளுக்கும் ஓட்டோவுக்கும் ஒயில், காற்று வடி, பிறேக், ரயர்க் காற்று, சைக்கிளின் சங்கிலி என்பவற்றைப் பார்த்துக்கொண்டாலே பெரும் பழுதுகள் தள்ளிப்போகும். உப்புக் காற்றும் மணலும் எமது வீதிகளில் எப்போதும் உள்ள எதிரிகள்.

கைநூல் ஆங்கிலத்தில் இருப்பது ஒரு தடையாகச் சொல்லப்படுகிறது. வீட்டில் படிக்கும் பிள்ளையைக் கொண்டு அளவுகளும் காலங்களும் உள்ள பக்கத்தைத் தமிழில் எழுதுவித்துச் சுவரில் ஒட்டி வையுங்கள்.

கை வைக்கக் கூடாதவை

எஞ்சினின் அடிப்பெட்டியைப் பிரித்தல், பொறி விழும் நேரத்தைச் சரிசெய்தல், சிலிண்டர் கடைதல், கியர்ப் பற்களின் இடைவெளி பிடித்தல், மின்னணுப் பாகங்கள் – இவற்றுக்கு அளவுக் கருவியும் பயிற்சியும் வேண்டும். போல்ட்டை எவ்வளவு இறுக்குவது என்பதற்கே ஒரு கருவி உண்டு. கைப்பலத்தால் இறுக்கிய சிலிண்டர்த் தலை வளைந்துபோனால், மிச்சம் பிடித்த கூலியைப் போலப் பல மடங்கு கொடுக்க நேரிடும். இங்கே கம்பனிக்கோ தேர்ந்த மெக்கானிக்குக்கோ கொடுக்கும் காசு வீண் காசு அல்ல.

கொடுக்கும்போது எமது உரிமையையும் அறிந்திருக்க வேண்டும். வேலை தொடங்க முன் மதிப்பீடு கேளுங்கள். மாற்றிய பழைய பாகங்களைத் திருப்பிக் கேளுங்கள். பாகம் வேறு, கூலி வேறாக எழுதிய பில்லைக் கேட்டு வாங்குங்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தால் அமைக்கப்பட்ட பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையிடம் முறையிடுவதற்கு அந்தத் துண்டுதான் சாட்சி.

இடைப்பட்ட வேலைகள் யாருக்கு?

தனி ஒருவரால் செய்யக் கடினமானதும், கம்பனி வரை கொண்டுபோகத் தேவையில்லாததுமான வேலைகள் பல உண்டு: இறப்பர் சக்கரம் மாற்றுதல், சீல் மாற்றுதல், காபரேட்டர் கழுவுதல், அமுக்கம் அளத்தல். இவை கிராமத்துக்கு உரியவை. இருபது படகுக்காரர் ஆளுக்கொரு கருவிப்பெட்டி வாங்கத் தேவையில்லை. கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கம் ஒரு பெட்டி வாங்கினால் போதும். ஒரே வகை எஞ்சினைப் பலர் வைத்திருந்தால், அடிக்கடி போகும் பாகங்களைச் சங்கமே மொத்தமாக வாங்கி வைக்கலாம். 1960களின் பிற்பகுதியில் நோர்வே மக்களின் உதவியோடு உருவான சீநோர், காரைநகரில் படகு கட்டும் தளம் அமைத்தபோது, தொழிலுக்கு வேண்டிய தொழில்நுட்பம் கரையோரத்திலேயே இருக்க வேண்டும் என்பதை எமது பகுதி கண்டது. அந்த எண்ணம் பழையதாகிவிடவில்லை.

ஒவ்வொரு தீவிலும் கைப்பழக்கத்தால் கற்ற இளைஞர் ஓரிருவர் இருக்கிறார்கள். பாடசாலைச் சான்றிதழ் இல்லாவிட்டாலும், செய்து கற்ற திறமையைச் சோதித்துத் தேசிய தொழிற் தகைமைச் சான்றிதழ் வழங்கும் முறை நாட்டில் உண்டு. அவர்களை அதற்கு அனுப்புவது ஒரு குடும்பத்துக்கு வருமானம். முழுத் தீவுக்கும் பாதுகாப்பு.

பாதுகாப்பு என்ற சொல்லை வேண்டுமென்றே சொல்கிறேன். வீதியில் நின்ற வாகனத்தைத் தள்ளிக்கொண்டு வரலாம். பாக்குநீரிணையில் நின்ற எஞ்சினைத் தள்ள முடியாது. காற்றும் நீரோட்டமும் படகை இழுத்துப்போய், 1974இல் வரையப்பட்ட கடல் எல்லைக்கு அப்பால் விட்டுவிடலாம். பிறகு சிறை, வழக்கு, கரையில் காத்திருக்கும் குடும்பம். ஒரு பிளக், ஒரு பிளக் ஸ்பனர், விசிறிக்கு ஒரு பின், இழுத்துக் கிளப்ப ஒரு மேலதிகக் கயிறு – இவை நான்கும் ஒரு சிறு பையில் அடங்கும். அந்தப் பை இல்லாமல் படகு கரையை விட்டு நகரக் கூடாது.

குழுக்களில் கலந்துரையாடுவதற்கு:

– கடந்த ஒரு வருடத்தில் எஞ்சின் பழுதால் எமது ஊரில் இழந்த கடல் நாட்கள் எத்தனை? அவற்றில் எத்தனை பழுதுகளை முன்கூட்டியே தடுத்திருக்கலாம்?

– எமது சங்கம் பொதுவாக வாங்கக்கூடிய கருவிகள் எவை? அவற்றை யாருடைய பொறுப்பில் வைப்பது?

– பயிற்சிக்கு அனுப்பக்கூடிய இளைஞர் யார்? அவர் திரும்பி வந்து ஊரிலேயே தொழில் செய்ய நாம் என்ன உறுதி கொடுக்கலாம்?