வைக்காத செங்கலின் கணக்கு

வெயிலுக்கேற்ற வீடு – 9

பசுமைக் கட்டடம் என்றதும் வீடு கட்டத் தயாராகும் பலருக்கும் முதலில் வருவது பயம். செலவு கூடிவிடும் என்ற பயம். மொட்டைமாடியில் சூரிய மின் தகடு, இரட்டைக் கண்ணாடி ஜன்னல், வெப்பம் தடுக்கும் பலகை என்று ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போனால் கூடத்தான் செய்யும். "அதெல்லாம் வசதி உள்ளவங்களுக்கு, நமக்கு எதுக்குங்க" என்று ஒதுங்கிவிடுகிறார்கள்.

சென்ற வாரம் வரை திசை, நிழல், காற்றோட்டம் என்று காசு கேட்காத விஷயங்களைப் பார்த்தோம். இனிச் சுவருக்கும் கூரைக்கும் வருவோம். நாம் சேர்த்துவைத்த பணத்தில் பெரும்பகுதியை விழுங்குவது இவைதான். பூமியின் கையிருப்பிலிருந்து அதிகம் எடுத்துக்கொள்வதும் இவைதான். இரண்டையும் ஒரே வழியில் குறைக்கலாம். தேவையில்லாத பொருளை வைக்காமல் விட்டாலே போதும். அதை எப்படிச் செய்வது என்று பக்கத்து மாநிலத்தில் ஒருவர் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் கட்டிக் காட்டியிருக்கிறார்.

ஐந்து மைலுக்குள் ஒரு வீடு

லாரி பேக்கர் 1917-ல் இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரில் பிறந்தவர், கட்டடக்கலை படித்தவர். இரண்டாம் உலகப் போரின்போது மருத்துவ உதவிக் குழு ஒன்றில் சேர்ந்து சீனாவுக்குப் போனார். ஊர் திரும்பும் வழியில் கப்பலுக்காகப் பம்பாயில் காத்திருந்த நாட்களில் காந்தியைச் சந்தித்தார். அந்தச் சந்திப்பு அவர் வாழ்க்கையையே மாற்றியது. 1945-ல் தொழுநோயாளிகளுக்கான மருத்துவமனைகளைக் கட்டும் பணிக்காக இந்தியாவுக்கே திரும்பி வந்தார். கேரளத்தைச் சேர்ந்த மருத்துவர் எலிசபெத்தை மணந்துகொண்டு, இமயமலையில் பித்தோராகர் பகுதியில் பல ஆண்டுகள் வாழ்ந்தார்.

கல்லூரிப் படிப்பு அந்த மலையில் பெரிதாகக் கைகொடுக்கவில்லை. கல்லையும் மரத்தையும் மண்ணையும் வைத்து, குளிருக்கும் சரிவுக்கும் பொருந்துகிற வீட்டைக் கிராமத்தார் தலைமுறை தலைமுறையாகக் கட்டி வந்தார்கள். அவர்களிடம்தான் பேக்கர் இரண்டாம் முறை பாடம் படித்தார். ஒரு வீட்டுக்கு வேண்டிய பொருள் முழுவதும் அதைச் சுற்றி ஐந்து மைலுக்குள் கிடைக்க வேண்டும் என்பது காந்தியின் எண்ணம். அது நடக்கக்கூடிய காரியம்தான் என்பதற்கு மலைக்கிராமங்களே சாட்சியாக இருந்தன.

1960-களில் குடும்பத்தோடு கேரளத்துக்கு வந்தார். முதலில் வாகமண், பிறகு திருவனந்தபுரம். 1980-களின் இறுதியில் இந்தியக் குடியுரிமையும் 1990-ல் பத்மஸ்ரீ விருதும் அவருக்குக் கிடைத்தன. 2007-ல் தொண்ணூறாவது வயதில், திருவனந்தபுரத்தில் தாமே கட்டிய வீட்டில் காலமானார். மீனவர் குடியிருப்பு முதல் ஆராய்ச்சி நிறுவனம் வரை அவர் கட்டியவற்றில் ஒரே கேள்வி ஓடிக்கொண்டிருக்கிறது: இது இங்கே அவசியம்தானா?

நடுவே காற்று வைத்த சுவர்

அந்தக் கேள்வியை அவர் செங்கல் சுவரிடம் கேட்டபோது கிடைத்த விடை, எலிப்பொறிக் கட்டு. பொறியாளர்கள் 'ராட் ட்ராப் பாண்ட்' என்பார்கள். இங்கிலாந்தில் முன்பே இருந்த முறைதான். நம் பக்கம் இதைப் பரவலாக்கியவர் பேக்கர்.

வழக்கமான ஒன்பது அங்குலச் சுவரில் செங்கலைப் படுக்கவைத்துக் கட்டுவோம். சுவர் முழுக்கச் செங்கலும் கலவையும் அடைத்திருக்கும். எலிப்பொறிக் கட்டில் செங்கலைப் பக்கவாட்டில் நிமிர்த்தி வைக்கிறார்கள். வெளிப்பக்கம் ஒரு கல், உள்பக்கம் ஒரு கல், நடுவில் மூன்று அங்குல அளவுக்கு வெற்றிடம். இரண்டையும் பிணைக்க, ஒவ்வொரு ஜோடிக்கும் அடுத்து ஒரு கல் குறுக்கே போகும். சுவரின் கனம் அதே ஒன்பது அங்குலம்தான். ஆனால் வழக்கமான சுவரில் நூறு செங்கல் பிடிக்கும் இடத்தில் இங்கே எழுபத்தைந்து முதல் எண்பது செங்கல் போதும். கலவையும் அதற்கேற்பக் குறைகிறது. இருபதாயிரம் செங்கல் கேட்கும் வீடு என்றால் நாலாயிரம், ஐந்தாயிரம் கல் வாங்கவே வேண்டியதில்லை.

அந்த ஐந்தாயிரம் கல்லுக்குப் பின்னால் இருப்பதை யோசித்துப் பாருங்கள். விளைநிலத்தின் மேல்மண் வெட்டப்பட்டிருக்கும். சூளையில் விறகோ நிலக்கரியோ நாள்கணக்கில் எரிந்திருக்கும். லாரி எத்தனையோ நடை ஓடியிருக்கும். வைக்காத கல்லுக்கு இதில் எதுவும் இல்லை.

மிச்சப்படுவது கல் மட்டும் இல்லை. வெயில் வெளிச் செங்கலைச் சுட வைக்கிறது. அந்தச் சூடு உள்ளே வரவேண்டுமானால் நடுவில் அசையாமல் நிற்கும் காற்றைக் கடந்தாக வேண்டும். காற்று சூட்டைக் கடத்துவதில் மந்தம். ஃபிளாஸ்க்கில் இரண்டு சுவருக்கு நடுவே இடைவெளி விட்டிருப்பதும் சூட்டின் வழியை மறிக்கத்தான். மேற்கு வெயில் நேராக அறையும் படுக்கையறைச் சுவருக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்பது, இரவு பத்து மணிக்கும் கொதிக்கிற அறையில் படுத்தவர்களுக்குத் தெரியும். விசிறியும் ஏசியும் ஓடும் நேரம் குறையக் குறைய, வீடு நிற்கும் காலம் முழுவதும் மாதாமாதம் அந்த லாபம் வந்துகொண்டிருக்கும்.

இதைக் கட்டச் சில கட்டுப்பாடுகள் உண்டு. விளிம்பு உடையாத, அளவு பிசகாத, நன்றாக வெந்த கல் வேண்டும். கலவை நடுவே விழுந்து இடைவெளியை அடைத்துவிடாமல் கொத்தனார் பார்த்துக்கொள்ள வேண்டும். அடி வரிசை, ஜன்னலின் கீழ்மட்டம், லின்டல் மட்டம், தளம் உட்காரும் மட்டம், கதவு ஜன்னலின் இரு ஓரங்கள் ஆகிய இடங்களை இடைவெளி இல்லாமல் கெட்டியாகக் கட்ட வேண்டும். மின்சாரக் குழாய்களைச் சுவர் எழும்பும்போதே உள்ளே விட்டுவிட வேண்டும். பிறகு சுவரைக் கொத்தக்கூடாது. முறையாகக் கட்டினால் இரண்டு மாடி வீட்டின் பாரத்தைத் தூண் இல்லாமலே இந்தச் சுவர் தாங்கும்.

கூரைக்குள் ஓடு

அடுத்தது கூரை. நிலநடுக்கோட்டுக்கு இவ்வளவு அருகில் இருக்கும் நமக்கு ஆண்டின் பெரும்பகுதி சூரியன் தலைக்கு மேலேதான். எனவே வீட்டில் அதிக வெப்பத்தை வாங்குவது தளம். சிமென்ட்டும் கம்பியும் கணிசமாகப் போவதும் அங்கேதான்.

கான்கிரீட் தளத்தின் மேல் பாரம் ஏறும்போது அதன் மேல்பகுதி நசுங்கப் பார்க்கிறது. கீழ்ப்பகுதி இழுபட்டு விரியப் பார்க்கிறது. நசுக்கும் விசையைத் தாங்குவதில் கான்கிரீட் கெட்டிக்காரன். இழுவிசைக்கு அது ஆகாது. அதனால்தான் கீழே கம்பி கட்டுகிறோம். அப்படியானால் கீழ்ப்பாதியில் இருக்கும் கான்கிரீட்டின் பெரும்பங்கு கம்பியைப் பற்றிக்கொண்டிருப்பதைத் தவிர வேறு வேலை செய்வதில்லை. அந்த இடத்தில் மலிவான, எடை குறைந்த பொருள் ஒன்றை வைத்தால் என்ன? ஃபில்லர் ஸ்லாப் என்னும் முறை பிறந்தது இந்த யோசனையில்தான்.

சென்ட்ரிங் பலகை மேல் கம்பியைக் கட்டங்கட்டமாகக் கட்டி, ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் தண்ணீரில் ஊறவைத்த மங்களூர் ஓடு இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, மேலே கான்கிரீட் போடுகிறார்கள். பழைய வீடு இடித்த ஓடாக இருந்தாலும் போதும். கான்கிரீட்டின் அளவு 20 முதல் 30 சதவீதம் வரை குறையும். தளத்தின் எடை குறைவதால் கம்பியும் குறையும். இரண்டு ஓட்டுக்கும் நடுவே சிக்கிய காற்று மாடி வெயிலைக் கொஞ்சம் மறிக்கும். கீழிருந்து பார்த்தால் விட்டத்தில் ஓடுகள் வரிசையாகத் தெரியும். அதற்குப் பூச்சு தேவையில்லை.

சிமென்ட்டில் செய்யும் மிச்சத்துக்குத் தனி மதிப்பு உண்டு. சுண்ணாம்புக்கல்லை ஏறத்தாழ 1,450 டிகிரி செல்சியஸ் சூட்டில் சுட்டுத்தான் கிளிங்கர் என்னும் சிமென்ட் மூலப்பொருளை எடுக்கிறார்கள். சூளைக்கு எரிக்கும் எரிபொருளின் புகை ஒரு பக்கம். சூடேறிய சுண்ணாம்புக்கல்லே தன்னுள் இருக்கும் கரியமில வாயுவை வெளியே விடுவது இன்னொரு பக்கம். ஒரு டன் கிளிங்கருக்குக் கல்லிலிருந்து மட்டும் அரை டன் அளவுக்கு வாயு கிளம்புகிறது. எரிபொருளை மாற்றினாலும் இந்தப் பங்கு மாறாது. உலகம் முழுவதும் வெளியாகும் கரியமில வாயுவில் 7 முதல் 8 சதவீதம் சிமென்ட் தொழிலுடையது. ஆகவே தேவையில்லாத இடத்தில் ஒரு மூட்டை சிமென்ட்டைத் தவிர்ப்பது, நம்மைப் போன்ற சாதாரணக் குடும்பம் பருவநிலைக்குச் செய்யக்கூடிய நேரடியான உதவி.

ஒரு எச்சரிக்கை. பால்கனி போல வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் தளங்களில் இழுவிசை மேல்பக்கம் வரும். அங்கே இந்த முறை கூடாது. கம்பிக்கு இடையே எவ்வளவு இடம் விடுவது, எந்த அளவு ஓடு வைப்பது என்பதைப் பொறியாளர்தான் கணக்கிட்டுச் சொல்ல வேண்டும்.

உள்ளூர் வளாகம்

இந்த முறைகள் எல்லாம் ஒன்றுசேர்ந்து நிற்பதைப் பார்க்க வேண்டுமானால் திருவனந்தபுரத்தில் உள்ளூர் என்ற பகுதிக்குப் போகவேண்டும். பொருளியல் அறிஞர் கே.என்.ராஜ் நிறுவிய வளர்ச்சி ஆய்வு மையத்துக்கு 1970-களில் பேக்கர் கட்டிய வளாகம் அங்கே இருக்கிறது. சரிவான நிலத்தைப் புல்டோசர் விட்டுச் சமப்படுத்தாமல், சரிவின் போக்கிலேயே கட்டடங்களை அமைத்தார். மரங்களை வெட்டவில்லை, சுவர்தான் மரத்துக்கு வழிவிட்டு வளைந்து போகிறது.

வளைவுக்குக் கணக்கும் துணை நிற்கிறது. நூறு சதுர அடி அறையைச் சதுரமாகக் கட்டினால் சுற்றுச்சுவர் நாற்பது அடி. வட்டமாகக் கட்டினால் ஏறத்தாழ முப்பத்தைந்தரை அடி போதும். மடிப்பு மடிப்பாகவோ வளைத்தோ கட்டும் சுவர் தன் வடிவத்தாலேயே நிற்கும் வலுவைப் பெறுவதால், நாலரை அங்குலக் கனமே பல இடங்களில் போதுமாகிறது.

ஜன்னல் வரவேண்டிய இடங்கள் பலவற்றில் செங்கல்லை இடைவெளி விட்டு அடுக்கிய ஜாலிச் சுவர்கள். மரச்சட்டம் இல்லை, கண்ணாடி இல்லை, கம்பி இல்லை. காற்று தடையில்லாமல் வருகிறது. வெளிச்சம் கண் கூசாமல் சிதறி விழுகிறது. வெளியே இருப்பவருக்கு உள்ளே இருப்பவர் தெரிவதில்லை. சுவர்களுக்குப் பூச்சு கிடையாது, பெயின்ட் கிடையாது. சில வருடத்துக்கு ஒருமுறை வெள்ளையடிக்கும் செலவும் இல்லை.

ஆராய்ச்சி நிறுவனத்துக்குள் எல்லோரும் போய்ப் பார்க்க முடியாது. ஆனால் திருவனந்தபுரம் தம்பானூரில், ரயில் நிலையத்துக்கு அருகில் பேக்கர் கட்டிய இந்தியன் காபி ஹவுஸ் இருக்கிறது. வட்டமாகச் சுழன்று ஏறும் சாய்தளத்தின் ஓரத்தில் மேசை, இருக்கைகள். வெளிச்சுவர் முழுக்கத் துளைகள். அடுத்த முறை அந்தப் பக்கம் போனால் உள்ளே உட்கார்ந்து ஒரு காபி குடியுங்கள். காற்று எங்கிருந்து வருகிறது என்று கவனியுங்கள்.

பணம் யாருக்குப் போகிறது?

பேக்கரின் கட்டடங்களில் நான் மிகவும் மதிக்கும் பயன் ஒன்று உண்டு. பசுமைக் கட்டடம் பற்றிய பேச்சில் அது அதிகம் வருவதில்லை. எலிப்பொறிக் கட்டும் ஜாலிச் சுவரும் பொருளைக் குறைத்து, கைவேலையைக் கூட்டுகின்றன. தொலைதூரத் தொழிற்சாலைக்குப் போகவேண்டிய பணத்தின் ஒரு பங்கு உள்ளூர்க் கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் கூலியாகப் போகிறது. அந்தக் கூலி உள்ளூர்க் கடையிலேயே செலவாகிறது. வீடு ஏறுகிறபோதே ஊரும் பிழைக்கிறது.

இந்த எண்ணத்தைப் பலருக்குமானதாக ஆக்க, 1985-ல் கேரளத்தில் காஸ்ட்ஃபோர்டு என்ற அமைப்பு தொடங்கப்பட்டது. பேக்கரும் கே.என்.ராஜும் முன்னாள் முதலமைச்சர் அச்சுத மேனனும் அதன் பின்னால் நின்றார்கள். ஒரு கட்டடக் கலைஞரோடு முடிந்துபோயிருக்கக்கூடிய வித்தை, கொத்தனார்களின் கைக்கு வந்து இன்றும் வேலை செய்துகொண்டிருக்கிறது.

நம் ஊருக்கு எது பொருந்தும்?

திருவனந்தபுரத்தின் விடையை அப்படியே வேலூருக்கோ மதுரைக்கோ தூக்கி வரக்கூடாது. அங்கே ஈரக்காற்று, வியர்வை உலர எந்நேரமும் காற்று ஓடவேண்டும். நம் உள்மாவட்டங்களில் வறண்ட வெயில். நண்பகல் அனல்காற்றை உள்ளே விடுவதைவிட வெளியே நிறுத்துவதே முக்கியம். எலிப்பொறிச் சுவர் இங்கே இன்னும் நன்றாகப் பயன்படும். ஜாலிச் சுவரை மாடிப்படி, வராந்தா, துணி துவைக்கும் இடம் என்று அளவாக வைத்துக்கொள்ளலாம். தூசி அதிகமுள்ள சாலையோரத்திலும் கொசு மிகுந்த இடத்திலும் படுக்கையறைக்கு அது வேண்டாம். நல்ல கல் கிடைக்காத ஊரில் பூச்சு இல்லாத சுவருக்கு ஆசைப்படவும் வேண்டாம்.

இது பழகாத கொத்தனாருக்கு முதல் சில நாட்கள் வேலை மெதுவாகத்தான் நகரும். கை பழகியதும் வேகம் வந்துவிடும். அதுவரை பொறுமை காட்ட வேண்டியது வீடு கட்டுகிறவர்.

பொறியாளரோடு ஒப்பந்தம் போடும் முன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். மேற்குச் சுவரையாவது எலிப்பொறிக் கட்டில் கட்ட முடியுமா? தளத்தில் ஓடு வைக்கலாமா? எந்தச் சுவரைப் பூச்சு இல்லாமல் விடலாம்? "முடியாது" என்று அவர் சொன்னால் காரணத்தைக் கேளுங்கள். மண்ணின் தன்மை, பாரம், மழை என்று அவர் காரணம் சொன்னால் ஏற்றுக்கொள்ளுங்கள். "யாரும் இங்க செய்யறதில்ல" என்பது மட்டும்தான் பதில் என்றால், செய்து பழகிய இன்னொருவரைத் தேடுங்கள். முப்பது, நாற்பது வருடம் வசிக்கப்போகிற வீட்டுக்காக அந்தச் சில வாரத் தேடல் தகும்.

சூளையே இல்லாமல், மனையில் தோண்டிய மண்ணையே அழுத்திக் கல்லாக்கும் வித்தை ஒன்று ஆரோவில்லில் பல ஆண்டுகளாக நடக்கிறது. அந்தக் கல் மழையில் கரையாதா? யாரெல்லாம் அதில் கட்டலாம்? அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)