மாதிரிக் கப்பலும் துருவின் பாடமும்

ஜொகூர் கடற்பாலத்தைக் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்வருபவர்கள் நம் தோட்டக் குடும்பங்களில் பலர் உண்டு. 1924ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட அந்தப் பாலத்தின் மறுகரையில், சோதனைச் சாவடியை அடுத்திருக்கும் வட்டாரம் மார்சிலிங். இன்று அடுக்குமாடி வீடுகள் நிறைந்த அவ்விடத்தில் ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டம் இருந்தது. அங்கிருந்து கரையோரமாகக் கிழக்கே போனால் செம்பவாங் வரும். பிரித்தானியர் தங்கள் கடற்படைத் தளத்தை அமைத்தது அங்கேதான். ஆறாம் ஜார்ஜ் மன்னர் பெயரிலான பெரிய உலர்துறை அங்கு 1938 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. கப்பலை உள்ளே விட்டு, நீரை இறைத்துவிட்டு, அடிப்பாகம் வரை பழுது பார்க்கும் இடத்தையே உலர்துறை என்கிறோம். அத்தளத்தில் தமிழரும் மலையாளிகளும் பெருந்தொகையாக வேலை செய்தனர். பழுதுபார்க்கும் பட்டறை 1968இல் சிங்கப்பூர் அரசிடம் ஒப்படைக்கப்பட்டது.

1941 டிசம்பர் 2ஆம் நாள் அத்தளத்துக்கு இரண்டு பெரிய போர்க்கப்பல்கள் வந்து சேர்ந்தன. ஒன்று 'பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ்', மற்றொன்று 'ரிபல்ஸ்'. டிசம்பர் 8ஆம் நாள் மாலை அவை புறப்பட்டன. இரண்டே நாளில், டிசம்பர் 10ஆம் நாள், குவாந்தானுக்கு அப்பால் ஜப்பானிய விமானங்கள் இரண்டையும் மூழ்கடித்தன. 840 பேர் மாண்டனர். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் காப்பாற்றப்பட்டனர்.

அந்த இரு கப்பல்களையும் இன்று நம் பிள்ளைகள் மேசைமேல் கட்டி நிறுத்தலாம். ஜப்பானிய நிறுவனங்கள் சில சேர்ந்து 1971இல் ஒரு மாதிரிக் கப்பல் வரிசையைத் தொடங்கின. நீருக்கு மேலே தெரியும் பாகத்தை மட்டும், உண்மைக் கப்பலில் 700இல் ஒரு பங்கு அளவில், பிளாஸ்டிக்கில் வார்த்துத் தருவது அதன் முறை. அந்த அளவில் 'தாமியா' நிறுவனம் இவ்விரு கப்பல்களையும் வெளியிட்டிருக்கிறது. துண்டுகளை ஒட்டுவது எளிது. சாயம் பூசி, கடலில் உழைத்த கப்பல் போலத் தோன்றச் செய்வதுதான் கடினம். அதைப் பற்றியே இன்று பேசப்போகிறோம்.

முதலில் துரு என்றால் என்ன? இரும்பும் தண்ணீரும் காற்றிலுள்ள பிராண வாயுவும் சேரும்போது உண்டாவது துரு. உப்பு கலந்த தண்ணீரில் அந்த வேலை விரைவாக நடக்கிறது. சாயம் என்பது இரும்புக்கும் தண்ணீருக்கும் நடுவே நிற்கும் ஒரு வேலி. வேலி எங்கே பிய்ந்ததோ அங்கேதான் துரு நுழையும்.

இதை அறிய நாம் கடலுக்குப் போக வேண்டியதில்லை. லயத்து வீட்டின் தகரக் கூரையைப் பாருங்கள். துரு கூரை முழுவதும் ஒரே சீராகப் பிடிப்பதில்லை. ஆணி அடித்த துளையில் தொடங்குகிறது. மழைநீர் வழிந்த வழியே கீழ்நோக்கிக் கோடாக இறங்குகிறது. பால் வாளியில் முதலில் துருப்பிடிப்பது தரையில் உரசும் அடிவிளிம்பும் கைப்பிடி மாட்டிய இடமும் ஆகும். காரணம் இருக்கும் இடத்தில்தான் கறை இருக்கும். மாதிரிக் கப்பலுக்குத் துரு ஏற்றுவோர் மனத்தில் வைக்க வேண்டிய விதி இது ஒன்றே.

கப்பலில் அந்த இடங்கள் எவை? நங்கூரச் சங்கிலி ஓடும் துளை முதலாவது. சங்கிலி உரசி உரசிச் சாயத்தைத் தின்றுவிடும். மேல்தளத்துத் தண்ணீர் வெளியேறும் துளைகள் இரண்டாவது. கூரான விளிம்புகள் மூன்றாவது. அங்கே சாயம் மெல்லியதாகவே ஒட்டும். அலை ஓயாமல் மோதும் நீர்க்கோடு நான்காவது. அங்கே பச்சைப் பாசியும் படியும்.

இப்போது செய்முறையைக் காண்போம். வார்ப்பில் ஒட்டியிருக்கும் எண்ணெய்ப் பசை போகும்படி துண்டுகளைச் சோப்புத் தண்ணீரில் கழுவி உலர்த்துங்கள். அடிச்சாயம் ஒரு கை பூசுங்கள். பிறகு கப்பலின் நிறத்தைத் தண்ணீராக, இரண்டு மூன்று மெல்லிய பூச்சாகப் பூசுங்கள். தடித்த பூச்சு நுண்ணிய வேலைப்பாட்டை மூடிவிடும். நிறத்தில் சிறிது வெள்ளை கலந்து வெளிறச் செய்வது நல்லது. கடலில் தூரத்தே தெரியும் கப்பல் நமக்கு வெளிறித்தானே தோன்றுகிறது! வெயில் நேரே படும் மேற்பரப்புகளை இன்னும் சற்று வெளிறவைக்கலாம். சாயம் நன்றாக உலர்ந்தபின் பளபளப்பு வார்னிஷ் ஒரு பூச்சு கொடுங்கள். இது கீழுள்ள சாயத்தைக் காக்கும்.

துருவுக்குப் பழுப்பு நிறச் சாயம் வேண்டும். புதிய துரு ஆரஞ்சு கலந்திருக்கும். பழைய துரு கரும்பழுப்பாக இருக்கும். நங்கூரத் துளையின் அடியில் ஊசிமுனை அளவு ஒரு புள்ளி வையுங்கள். அது உலருமுன் ஈரத் தூரிகையால் நேர்கீழாக ஓர் இழுப்பு இழுங்கள். கப்பல் முன்னோக்கி ஓடினாலும் தண்ணீர் கீழ்நோக்கியே வழியும். ஆகவே கோடு சாயக் கூடாது. விளிம்புகளுக்கு, தூரிகையிலுள்ள சாயத்தைத் துணியில் துடைத்துவிட்டு, ஏறக்குறைய உலர்ந்த தூரிகையால் லேசாகத் தடவினால் போதும். கடைசியில் பளபளப்பில்லாத வார்னிஷ் பூசி முடியுங்கள். பிள்ளைகளுக்குத் தண்ணீரில் கரையும் சாயமே ஏற்றது. நெடி வீசும் சாயங்களைப் பெரியவர்கள் உடனிருக்க, சன்னலைத் திறந்துவைத்துத்தான் கையாள வேண்டும்.

இங்கே ஒரு கணக்கும் உண்டு. 700இல் ஒரு பங்கு அளவில், மாதிரியின் ஒரு மில்லிமீட்டர் உண்மைக் கப்பலில் 70 சென்டிமீட்டர். ஆறடி மனிதன் இரண்டரை மில்லிமீட்டர்தான் இருப்பான். நாம் அலட்சியமாக மூன்று மில்லிமீட்டர் அகலத்தில் துருக்கோடு இழுத்தால், உண்மையில் அது இரண்டு மீட்டர் அகலத் துரு ஆகிவிடும். ஆளையே விழுங்கும் கோடு! பள்ளிப் பிள்ளைகளுக்கு விகிதம் கற்பிக்க இதைவிட நல்ல பாடம் கிடைப்பது அரிது.

அடுத்து, எவ்வளவு துரு ஏற்றுவது என்ற கேள்வி. இதற்குக் கப்பலின் வரலாறுதான் விடை சொல்லும். 'பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ்' 1939 மே மாதம் நீரில் இறக்கப்பட்டு, 1941இன் தொடக்கத்தில் கடற்படையில் சேர்ந்த கப்பல். மூழ்கியபோது அதன் சேவைக்கு ஓராண்டு நிறையவில்லை. ஆயினும் அவ்வாண்டு மே மாதம் 'பிஸ்மார்க்' என்ற ஜெர்மானியக் கப்பலுடன் போரிட்டது. ஆகஸ்டில் பிரதமர் சர்ச்சிலை ஏற்றிக்கொண்டு அட்லாண்டிக்கைக் கடந்தது. அக்டோபரில் பிரித்தானியாவிலிருந்து புறப்பட்டுக் கொழும்பு வழியாகச் சிங்கப்பூர் வந்தது. இளங்கப்பல்தான்; ஆனால் ஓய்வின்றி ஓடிய கப்பல். இதற்கு வெளிறிய சாயமும் உப்புக் கறையும் நங்கூரத்தடியில் சிறு கோடும் போதும். 'ரிபல்ஸ்' 1916இல் சேவைக்கு வந்தது. 25 ஆண்டுக் கப்பல். அதற்குச் சற்றுக் கூடுதலாக, விளிம்புகளிலும் தண்ணீர்த் துளைகளிலும் கறை வைக்கலாம். இரண்டும் கடைசி நாள்களில் மறைப்புச் சாயம் பூசியிருந்தன. அக்காலப் புகைப்படங்கள் கிடைக்கின்றன. அவற்றை முன்னே வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள்.

இரண்டையும் பாழடைந்த ஓடங்கள் போலத் துருவால் மூழ்கடித்துவிடுவோர் உண்டு. பார்க்க அழகாக இருக்கலாம். ஆனால் அது பொய். போர்க்கப்பலில் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் இருந்தனர். துருவைச் சுரண்டுவதும் சாயம் பூசுவதும் அவர்களுடைய அன்றாட வேலைகளுள் ஒன்று. துறைமுகத்துக்கு வந்தால் பட்டறைத் தொழிலாளரின் கை அதில் சேரும். சாரத்தில் நின்று சுத்தியலால் துருவைத் தட்டி எடுத்து, கம்பித் தூரிகையால் தேய்த்து, வெயிலில் சாயம் பூசிய உழைப்பு அது. மாதிரியில் துருவை அளவுக்கு மீறி ஏற்றினால், அந்த மனிதர்களை வேலை செய்யாதவர்கள் என்று சொன்னதாகிவிடும். சுத்தமாக, புத்தம் புதிதாக விட்டாலோ, கடல் அவர்களுக்குக் கொடுத்த வேலையை மறைத்ததாகிவிடும். இரண்டுக்கும் நடுவே இருக்கிறது உண்மை.

ஆகவே பிள்ளை ஒரு துருக்கோடு வைக்கும்போது, "இது ஏன் இங்கே வந்தது?" என்று பெற்றோர் கேட்க வேண்டும். அதற்குக் காரணம் சொல்ல முடிந்தால் அந்தக் கோடு இருக்கட்டும், முடியாவிட்டால் துடைத்துவிடட்டும். உங்கள் குடும்பத்தில் தாத்தாவோ மாமாவோ கப்பல் பட்டறையில் வேலை செய்தவராக இருந்தால், அவரையும் அருகில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். இரும்பின் எந்த மூலையில் சாயம் முதலில் உரியும் என்பதை எந்தப் புத்தகத்தையும்விட நன்றாக அவர் சொல்வார்.