ஸ்டார்ட் ஆகாத மரம் அறுக்கும் மெஷின்: கயிற்றை இழுக்கும் முன் டேங்கைப் பாருங்கள்

செயின்சா என்னும் மரம் அறுக்கும் மெஷின் நம் ஊர்த் தோப்புகளில் ஆண்டுக்குச் சில வாரங்கள் மட்டுமே உழைக்கும் கருவி. 2011 டிசம்பரில் தானே புயல் கடலூர் மாவட்டத்து முந்திரியையும் பலாவையும் சாய்த்தபோதும், 2018 நவம்பரில் கஜா புயல் பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்துத் தென்னைகளை வேரோடு பிடுங்கிப் போட்டபோதும், வழியை அடைத்துக் கிடந்த மரங்களை அகற்ற இந்த மெஷினைத்தான் தேடினார்கள். மற்ற மாதங்களில் அது மோட்டார் கொட்டகையிலோ பரணிலோ கிடக்கும். ஐப்பசி மழையில் மரம் விழுந்ததும் எடுத்துக் கயிற்றை இழுத்தால் ஸ்டார்ட் ஆகாது. இன்ஜின் போய்விட்டது என்று முடிவு கட்டுகிறோம். பெரும்பாலும் கோளாறு இன்ஜினில் இல்லை. போன பருவத்தில் டேங்கிலேயே விட்டுவைத்த பெட்ரோலில் இருக்கிறது. இதை அறியாமல் அவசரத்தில் செய்யும் வேலைகள்தான் இன்ஜினையும், சில நேரம் கையையும், கேட்டுப் பெறவேண்டிய உரிமையையும் சேர்த்துக் கெடுக்கின்றன.

பெட்ரோல் கெடும் விதத்தைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. எளிதில் ஆவியாகும் பகுதிதான் குளிர்ந்த இன்ஜினில் முதல் தீயைப் பற்றவைக்கிறது; மாதக்கணக்கில் கிடக்கும் பெட்ரோலில் முதலில் பறந்துவிடுவது அந்தப் பகுதியே. மீதி கெட்டிப்பட்டுப் பிசினாகி, கார்புரேட்டரின் நூலிழை போன்ற துளைகளை அடைக்கிறது. உள்ளே இருக்கும் மெல்லிய டயாஃப்ரம் விறைத்துப்போகிறது. இன்று பங்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனால் காற்றின் ஈரத்தை இழுக்கும். ஈரம் அளவு மீறும்போது எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பெட்ரோலைவிட்டுப் பிரிந்து டேங்கின் அடியில் தங்கிவிடும். குழாயின் நுனியில் ஃபில்டர் கிடப்பதும் அந்த அடியில்தான். டூ-ஸ்ட்ரோக் இன்ஜினுக்கு உயவு தருவது பெட்ரோலில் கலந்த ஆயில் மட்டுமே. அடியில் தங்கிய நீரில் அந்த ஆயில் இருக்காது. அதைக் குடித்து மெஷின் எப்படியோ ஓடிவிட்டால், பிஸ்டன் உரசிச் சூடேறி இன்ஜின் சீஸ் ஆகும். ஸ்டார்ட் ஆகாமல் இருப்பதைவிட அது பெரிய செலவு.

“பைக் மாதக்கணக்கில் நின்றாலும் ஸ்டார்ட் ஆகிறதே, பெட்ரோல் என்ன பாலா திரிந்துபோக?” என்ற கேள்வி நியாயமானதே. பைக்கின் ஆயில் தனி அறையில் இருக்கிறது, டேங்க் பெரியது, புதிய பைக்குகளில் பம்ப் அழுத்தத்தோடு பெட்ரோலைச் செலுத்துகிறது. செயின்சாவில் அரை லிட்டர் அளவு டேங்க், அதற்கேற்ற சின்னஞ்சிறு கார்புரேட்டர். அதில் கொஞ்சம் பிசின் படிந்தாலே வழி அடைபடும். 10 சதவீதத்துக்கு மேல் எத்தனால் கலந்த பெட்ரோலைத் தவிர்க்கும்படி பல நிறுவனங்களின் கையேடுகள் சொல்கின்றன. பங்கில் கிடைப்பதைத்தானே போட முடியும் என்றால், அதுவும் உண்மை. அதனால்தான் பெட்ரோல் டேங்கில் கிடக்கும் நாளைக் குறைப்பதே நம் கையில் உள்ள வழி.

எனவே முதல் வேலை, பழைய பெட்ரோலை முழுக்க வடித்துவிடுவது. திறந்த வெளியில், தீயோ பீடியோ அருகில் இல்லாமல், மூடியுள்ள கேனில் வடியுங்கள். அதைச் சாக்கடையிலோ குப்பை கொளுத்தவோ ஊற்ற வேண்டாம். புதுப் பெட்ரோலில் கையேடு சொல்லும் அளவில் 2டி ஆயில் கலந்து ஊற்றுங்கள். 50-க்கு 1 என்றால் லிட்டருக்கு 20 மில்லி. அடுத்தது பிளக். கழற்றிப் பார்த்தால் அதுவே நோயைச் சொல்லிவிடும். நனைந்திருந்தால் பெட்ரோல் ஓவராகிவிட்டது. சுவிட்சை அணைத்து, பிளக் இல்லாமலே சில தடவை கயிற்றை இழுத்து, பிளக்கைத் துடைத்து உலர்த்தி மாட்டினால் போதும். காய்ந்திருந்தால் பெட்ரோலே வரவில்லை. ஃபில்டர், வெடித்த ரப்பர் குழாய், பிறகு கார்புரேட்டர் என்ற வரிசையில் பாருங்கள். ஏர் ஃபில்டரில் மரத்தூள் அடைத்திருக்கிறதா, சைலன்சர் வாயில் கரியோ குளவிக்கூடோ இருக்கிறதா என்பதும் நொடியில் தெரியும். சோக் இழுத்த நிலையில் ‘டப்’ என்று ஒரு சத்தம் கேட்டதுமே அதை அடுத்த நிலைக்குத் தள்ளிவிட வேண்டும். அதற்குப் பிறகும் சோக்கோடு இழுத்தால் பிளக் நனைந்துவிடும். இத்தனையும் சரியாக இருந்தும் ஓடாவிட்டால் கார்புரேட்டர் திருகுகளைத் திருகிப் பார்க்காமல் மெக்கானிக்கிடம் கொடுப்பதே நல்லது.

“கார்புரேட்டரில் நேராகக் கொஞ்சம் பெட்ரோல் ஊற்றினால் பிடித்துக்கொள்கிறதே” என்பார்கள். பிடித்துக்கொள்ளும், ஆனால் ஆயில் கலக்காத பெட்ரோல் சிலிண்டரில் ஒட்டியிருக்கும் எண்ணெய்ப் படலத்தைக் கழுவிவிடும், எதிர்த்து வெடித்தால் முகத்தில் தீப்பிடிக்கும். அதைவிட ஆபத்தானது, மெஷினைத் தொங்கவிட்டபடி ஒரு கையால் கயிற்றை இழுப்பது. குளிர்ந்த மெஷின் பிடிக்கும்போது ஆக்சிலேட்டர் பாதி திறந்தே இருக்கும். பிடித்த நொடியில் செயின் ஓட முயலும். செயின் பிரேக் போட்டு, மெஷினைத் தரையில் வைத்து, பின்கைப்பிடியை வலது காலால் மிதித்து, முன்கைப்பிடியை இடது கையால் அழுத்திக்கொண்டுதான் இழுக்க வேண்டும்.

பழைய பெட்ரோல்தான் காரணம் என்றால் குற்றம் வாங்கியவருடையதா? முழுக்க அல்ல. பொருளின் தரத்தை அறியும் உரிமையை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 தருகிறது. சரியான பயன்பாட்டு விளக்கமோ எச்சரிக்கையோ இல்லாத பொருளால் உடலுக்குக் காயம் நேர்ந்தால், உற்பத்தியாளரிடம் இழப்பீடு கேட்கவும் அதில் வழி உண்டு. மெஷினை விற்கும்போதே எந்தப் பெட்ரோல், எவ்வளவு ஆயில், எப்படி எடுத்துவைப்பது என்று சொல்வது கடையின் கடமை. பில் தர மறுப்பது சட்டப்படி முறையற்ற வணிகம். வாரன்டிக் காலத்தில் “பெட்ரோல் கோளாறு” என்று கைவிரித்தால், அந்தக் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். அதுவரை வேறு யாரும் மெஷினைப் பிரிக்க விடாதீர்கள். ஆய்வு தேவைப்பட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையமே பொருளைச் சோதனைக்கு அனுப்பும். பிரித்துப்போட்ட மெஷினில் சான்று மிஞ்சாது. முதலில் 1915 என்ற தேசிய உதவி எண்ணில் புகார் பதியலாம். தீராவிட்டால் சிக்கல் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள், நீங்கள் வசிக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே வக்கீல் இல்லாமல் வழக்குத் தொடுக்கலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணமும் இல்லை. “கூலிக்கு மரம் வெட்டுபவர் வியாபாரி, அவருக்கு இது பொருந்தாது” என்று கடைக்காரர் சொன்னால் நம்ப வேண்டாம். சுயதொழிலாகப் பிழைப்புக்கென்றே வாங்கித் தானே பயன்படுத்துபவரும் சட்டப்படி நுகர்வோர்தான்.

உரிமை கேட்பவரின் கையும் சுத்தமாக இருக்க வேண்டும். கலந்த பெட்ரோலை ஒரு மாதத்துக்குள் தீர்த்துவிடுங்கள். பருவம் முடிந்ததும் டேங்கைக் காலிசெய்து, மெஷின் தானே அணையும்வரை ஓடவிட்டு, ஏர் ஃபில்டரைத் தட்டித் துடைத்து, பில்லையும் கையேட்டையும் உறையிலிட்டு மெஷினோடு கட்டிவையுங்கள். புரட்டாசியில் ஒருமுறை புதுப் பெட்ரோல் ஊற்றி ஓட்டிப் பாருங்கள். கோளாறு இருந்தால் அப்போதே தெரியும். கடையும் திறந்திருக்கும், மெக்கானிக்கும் கிடைப்பார், புயலுக்கு முன் சரிசெய்ய நேரமும் இருக்கும்.