தேனீப் பெட்டி ஏன் காலியாகிறது?

தேனீக்கள் அழிகின்றன என்று செய்தி வந்தால் கூடவே ஒரு குற்றவாளியின் பெயரும் வந்துவிடும்: பூச்சிமருந்து, செல்போன் கோபுரம், பருவநிலை மாற்றம். செல்போன் கோபுரத்தால்தான் கூட்டம் கூட்டமாக அழிகின்றன என்பதற்கு உறுதியான சான்று இல்லை. மற்ற இரண்டும் உண்மையான காரணங்கள்தான். ஆனால் எல்லாப் பெட்டிக்கும் அவையே காரணமாகிவிடாது. செத்த தேனீக்கள் எங்கே கிடக்கின்றன, புழுக்கள் எப்படி இருக்கின்றன, அடையில் தேன் மிச்சம் இருக்கிறதா என்று பார்த்தால் பாதி விடை பெட்டிக்குள்ளேயே கிடைத்துவிடும்.

வாசலில் குவியலாகக் கிடந்தால்

நேற்றுவரை நன்றாக இருந்த பெட்டியின் வாசலில் இன்று தேனீக்கள் குவியலாகச் செத்துக் கிடக்கின்றன. பல நாக்கை நீட்டியபடி கிடக்கின்றன என்றால், முதல் சந்தேகம் பூச்சிமருந்துமேல்தான். பூத்து நிற்கும் பயிருக்குப் பகலில் மருந்தடித்தால் இப்படி நடக்கும். 2008இல் ஜெர்மனியின் ரைன் பள்ளத்தாக்கில் மக்காச்சோளம் விதைத்தபோது, விதையில் பூசிய குளோதியானிடின் சரியாக ஒட்டாமல் விதைப்பு இயந்திரத்திலிருந்து தூசியாகப் பறந்து சுற்றுப்புறப் பூக்களில் படிந்தது. 11,000க்கும் மேற்பட்ட கூட்டங்கள் பாதிக்கப்பட்டன. குளோதியானிடின், இமிடாகுளோபிரிட், தயாமெதாக்சம் ஆகிய மூன்றையும் திறந்தவெளிப் பயிர்களில் பயன்படுத்த ஐரோப்பிய ஒன்றியம் 2018இல் தடை விதித்தது. இந்த வகை மருந்து கொல்லாத அளவில் உடம்பில் ஏறினாலும் வீடு திரும்பும் வழியைத் தேனீ தவறவிடக்கூடும். அப்படித் தொலைந்தவை வாசலில் பிணமாகக் கிடக்கமாட்டா.

தலை உள்ளே, வால் வெளியே

காலி அறைகளுக்குள் தலையை நுழைத்தபடி செத்திருந்தால் அது பட்டினி. கடைசித் துளி தேனைத் தேடிப் போன கோலம் அது. குளிர் நாடுகளில் குளிர்காலம் முடியும் தறுவாயில் இதைப் பார்க்கலாம்.

நம் ஊரில் பட்டினியின் அடையாளம் வேறு. கன்னியாகுமரி மாவட்டத்தில் ஆண்டின் முதல் மாதங்களில் ரப்பர் மரம் துளிர்விடும்போது இலைக்காம்பில் சுரக்கும் தேன்தான் பெட்டிகளை நிரப்புகிறது. மழைக்காலத்தில் அந்த வரத்து நின்றுவிடும். அப்போது சர்க்கரைப் பாகு வைக்காமல் விட்டால் இந்தியத் தேனீ செத்து மடியும்வரை காத்திருக்காது. ராணியோடு பெட்டியை விட்டே கிளம்பிவிடும். பிணமில்லை, தேனில்லை, புழுவுமில்லை என்றால் கூட்டம் ஓடிப்போயிருக்கிறது என்று கொள்ளலாம். எறும்புத் தொல்லை, ஓயாத குளவித் தாக்குதல், சுள்ளென்ற வெயில் ஆகியவையும் அதை விரட்டும்.

புழு பைபோல் ஊதியிருந்தால்

மூடாத அறைகளில் புழுக்கள் தலையைத் தூக்கியபடி செத்திருக்கின்றன. இடுக்கியால் ஒன்றை எடுத்தால் நீர் நிறைந்த பைபோல் தொங்குகிறது. இது தாய் சாக்புரூட் என்ற வைரஸ் நோய். 1976இல் தாய்லாந்தில் அறியப்பட்டது, 1991-92இல் தென்னிந்தியாவுக்கு வந்தது. கேரளம், தமிழ்நாடு, கர்நாடகப் பகுதிகளில் பெட்டியில் வளர்த்த இந்தியத் தேனீக் கூட்டங்களில் 90 சதவீதத்துக்கும் மேல் அழிந்தன. மார்த்தாண்டம் வட்டாரத்தில் தேனை நம்பி வாழ்ந்த குடும்பங்களுக்கு அது பேரிடி. இதற்கு மருந்து கிடையாது. தப்பிப் பிழைத்த கூட்டங்களிலிருந்து இனத்தைப் பெருக்கித்தான் தொழில் மீண்டது. இத்தாலியத் தேனீயை இங்கே கொண்டுவந்து பரப்பியதற்கும் இந்த அழிவே ஒரு தூண்டுதல்.

இறகு சுருங்கியிருந்தால்

பெட்டியின் முன்னால் பறக்க முடியாமல் ஊர்ந்து திரியும் இளந்தேனீக்களின் இறகு கசங்கியிருந்தால் வரோவா உண்ணியைத் தேட வேண்டும். செம்பழுப்பு நிறம், அகலம் ஒன்றரை மில்லிமீட்டர். அறை மூடப்படுவதற்குச் சற்று முன் உள்ளே நுழைந்து, கூட்டுப்புழுவின்மேல் குடும்பம் நடத்தும். உண்பதோடு நிற்காமல் இறகைக் குலைக்கும் வைரஸையும் ஏற்றிவிடும்.

இதன் பூர்வீக வீடு ஆசியத் தேனீயின் கூடுதான். நம் தேனீ உண்ணியைப் பற்றி உதறும். உண்ணியும் பெரும்பாலும் ஆண் தேனீ அறைகளில் மட்டுமே பெருகும். அதனால் இரண்டும் ஒத்துப்போயின. மேலைநாட்டுத் தேனீக்கு அந்தப் பழக்கம் இல்லை. பணித் தேனீ அறையிலும் உண்ணி பெருகிவிடுகிறது. 1987இல் அமெரிக்காவில் நுழைந்த வரோவா இன்றுவரை அங்கே பெரும் எதிரி. 2024-25இல் அமெரிக்க வணிகப் பண்ணைகள் சராசரியாக 60 சதவீதத்துக்கும் மேற்பட்ட கூட்டங்களை இழந்ததாகக் கணக்கெடுப்பு சொன்னது. அரசு ஆய்வாளர்கள் அந்தக் கூட்டங்களில் வைரஸ் மிகுந்திருப்பதையும், வழக்கமான அமிட்ராஸ் மருந்துக்கு உண்ணிகள் பழகிவிட்டதையும் கண்டார்கள்.

சோதிப்பது எளிது. சுமார் 300 தேனீக்களை ஜாடியில் பிடித்துப் பொடித்த சர்க்கரை தூவி உருட்டுங்கள். உண்ணிகள் பிடி நழுவும். சல்லடை மூடி வழியாக வெள்ளைத் தட்டில் தட்டி எண்ணலாம். ஒன்பதைத் தாண்டினால் ஆபத்து. தேனீக்களைப் பெட்டியிலேயே திரும்ப விட்டுவிடலாம்.

ராணி இருக்கிறது, படை இல்லை

2006இன் இறுதியில் அமெரிக்கப் பண்ணைகளில் கண்ட காட்சி இது: ராணி உண்டு, புழு உண்டு, தேன் உண்டு, பணித் தேனீக்களை மட்டும் காணோம். பக்கத்துக் கூட்டங்களும் அந்தத் தேனைத் திருட வரவில்லை. கூட்டச் சிதைவு நோய் என்று பெயர் வைத்தார்கள். தனியொரு காரணம் பிடிபடவில்லை. உண்ணி, வைரஸ், குடல் நுண்ணுயிரி, மருந்து எச்சம், ஒரே பூவின் மகரந்தத்தைத் தின்று வரும் சத்துக்குறைவு எல்லாம் சேர்ந்தே தாக்குகின்றன என்பதே ஆய்வாளர் பலரின் முடிவு.

மெழுகுப் புழு மேல் பழி போட வேண்டாம்

அடையெங்கும் வலை பின்னிக் கிடக்கும் மெழுகுப் புழுவைப் பார்த்ததும் அதுதான் கூட்டத்தைத் தின்றது என்று பலர் முடிவு கட்டுகிறார்கள். வலுவான கூட்டம் அதை உள்ளே விடாது. வேறெதுவோ கூட்டத்தை இளைக்கச் செய்த பிறகே அது வருகிறது. அது என்ன என்று பின்னோக்கித் தேட வேண்டும்.

அதுவரை காலிப் பெட்டியின் சட்டங்களை அடுத்த பெட்டிக்கு மாற்றாதீர்கள். அமெரிக்க அடைப்புழு அழுகல் நோயின் வித்துகள் பழைய அடையில் பல பத்தாண்டுகள் உயிரோடு இருக்கும். வாசலை அடைத்துவிட்டு, செத்த தேனீக்களையும் புழு உள்ள ஒரு துண்டு அடையையும் காகிதப் பையில் எடுத்துக்கொண்டு அருகிலுள்ள வேளாண் பல்கலைக்கழகத்தின் பூச்சியியல் துறைக்குப் போங்கள்.